சுமை தொங்கும்போது

என் அப்பா எத்தனையோ பாலங்களைத் தூக்கி நிறுத்தியவர். ஒன்றைக்கூட அது மேலே எழும்போது பார்த்ததில்லை. சொன்னால் யார் நம்புவார்கள்? அவர் வின்ச் ஓட்டுகிறவர். வின்ச் என்றால் ஒரு பெரிய இரும்பு உருளை. மோட்டார் அதைச் சுழற்றும், இரும்புக் கயிறு அதில் சுற்றிக்கொள்ளும், கயிற்றின் மறுமுனையில் ஒரு வீட்டின் கனத்துக்கு ஒரு கான்கிரீட் துண்டு அந்தரத்தில் எழும்பும். அந்த உருளையை ஆற்றுக்கு நடுவிலா வைப்பார்கள்? தூணுக்குப் பின்னால், தகரக் கூரைக்குக் கீழே, தரையோடு சேர்த்து இறுக்கியிருப்பார்கள். அப்பா அங்கே ஒரு முக்காலியில் உட்கார்ந்திருப்பார். சுமை தூணுக்கு அந்தப் பக்கம். அவர் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் எதிரே மேடைமேல் நிற்கிற ஓர் ஆளின் கைகள் மட்டும்தான்.

அந்தக் கைகள் என் மாமாவுடையவை. அம்மாவின் அண்ணன். வேலையிடத்தில் அவருக்குக் 'கொடி' என்று பட்டப்பெயர், கையில் எப்போதும் ஒரு சிவப்புக் கொடி இருப்பதால். அப்பாவுக்கு 'பிரேக்'. எதைக் கேட்டாலும் அப்படியே நின்றுவிடுகிற மனிதர், பொருத்தமான பெயர்தான். மாமா விரலை மேலே சுழற்றினால் அப்பா தூக்குவார். உள்ளங்கையைக் கீழே அமுக்கிக் காட்டினால் இறக்குவார். கையைப் பக்கவாட்டில் நீட்டினால் நிறுத்துவார். நான் விவரம் தெரிந்த நாள் முதல் இந்த இரண்டு பேரும் இப்படித்தான் பிழைத்தார்கள்.

அம்மா போன நாளிலிருந்து அப்பா மாமாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. இதில் கொடுமை என்னவென்றால், பகல் முழுக்க அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வருவார்கள், முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். எங்கள் வீட்டு மாடியில் ஓர் அறை மாமாவுக்கு. கல்யாணம் காட்சி என்று எதுவும் செய்துகொள்ளாதவர். படியேறும்போது எங்கள் வாசலில் ஒரு நொடி நிற்பார். நான் கதவைச் சாத்துவேன். ஆமாம், நானும் பேசுவதில்லை. எனக்குக் காரணம் இருந்தது.

அதைச் சொல்ல வேண்டுமானால் அந்த வேலையிடத்து வழக்கம் இரண்டைச் சொல்ல வேண்டும். எழுதி வைத்த சட்டமெல்லாம் கிடையாது, ஆனால் யாரும் மீறியதில்லை. ஒன்று, சுமை தொங்கும்போது வின்ச் ஓட்டுகிறவர் முக்காலியை விட்டு எழக்கூடாது. தூக்கியவரே இறக்கி உட்கார வைக்க வேண்டும். இன்னொன்று, சுமை தொங்கும்போது அவரிடம் வீட்டுச் சேதி எதுவும் சொல்லக்கூடாது. நல்லதும் கூடாது, கெட்டதும் கூடாது. ஒருவருக்குப் பையன் பிறந்ததையே துண்டு உட்கார்ந்த பிறகுதான் சொன்னார்களாம். போனையெல்லாம் வாங்கி ஆபீஸில் வைத்துவிடுவார்கள். கீழே ஆட்கள் நிற்கிறார்கள், ஓட்டுகிறவர் விரல் ஒரு நொடி தடுமாறினால் போதும். நியாயமான வழக்கம்தான், நான் மறுக்கவில்லை.

அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தாள். காலையில் நன்றாகத்தான் பேசினாள். "உங்கப்பாவுக்கு மத்தியானச் சாப்பாடு குடுத்து விட்டியா?" என்று கேட்டாள். அப்புறம் மூச்சு வாங்கத் தொடங்கியது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வர வேண்டியவர்களை வரச் சொல்லுங்கள் என்றார். வேலையிடத்து ஆபீஸுக்குப் போன் செய்தேன். டைம் கீப்பர் எடுத்தார். பெரிய துண்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். நான் கத்தினேன். உடனே அவர் வாக்கி டாக்கியில் மாமாவைக் கூப்பிட்டுச் சொன்னது எனக்குப் போனிலேயே கேட்டது. "உங்க தங்கச்சிக்கு ரொம்ப முடியலையாம். மாப்பிள்ளைய கூட்டிட்டு உடனே கிளம்புங்க." மாமா "சரி" என்றார். அந்தச் 'சரி'யும் எனக்குக் கேட்டது.

அம்மா கண்ணைத் திறக்கும்போதெல்லாம் கேட்டாள். "அப்பா வந்தாச்சா?"

"வந்துட்டே இருக்காரும்மா."

அவர் வரவில்லை. மாமா அவரிடம் சொல்லவேயில்லை. துண்டு உச்சிக்குப் போய், உட்கார்ந்து, போல்ட் இறுக்கி, கொக்கி கழன்ற பிறகுதான் சொன்னார். இரண்டு பேரும் ஓடி வந்தபோது நர்ஸ் படுக்கையைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டிருந்தார். இறக்கு என்று காட்ட ஒரு கை போதாதா? சொந்தத் தங்கை சாகக் கிடக்கிறாள், சுமைதான் பெரிதா? ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே மாமாவைப் பார்த்துக் கேட்டேன். அப்பா எதுவும் கேட்கவில்லை. கேட்காதது மட்டுமில்லை, அன்றைக்கு மூடிய வாயை மாமாவிடம் மறுபடி திறக்கவேயில்லை. மனதுக்குள் எனக்கு அது சரியென்றுதான் பட்டது.

அப்பா அழவும் இல்லை. காரியங்கள் முடிந்ததும் வேலைக்குப் போய்விட்டார். வீட்டில் மரக்கட்டையோடு குடித்தனம் நடத்துகிற மாதிரி இருந்தது. போட்டதைச் சாப்பிடுவார். ஒருநாள் வேண்டுமென்றே குழம்பில் உப்பே போடாமல் வைத்தேன், திட்டவாவது வாயைத் திறக்கட்டும் என்று. சாப்பிட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார். அந்தக் குழம்பை நான்தான் கொட்டினேன். டிவி ஓடாதபோதும் அதன் எதிரே உட்கார்ந்திருப்பார். அம்மாவின் செருப்பு வாசலில் கிடந்தது. அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. எனக்கு மட்டும் என்ன வாழ்ந்தது? காலையில் எழுவேன், பஸ் பிடிப்பேன், வருவேன். உள்ளே எதுவும் வலிக்கவில்லை. மரத்துப்போன காலில் நடக்கிற மாதிரி, நடந்துகொண்டுதான் இருந்தேன்.

மாமாவும் மாறியிருந்தார், அதையும் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் அவர் கை காட்டுவதைப் பார்க்கவே ஆட்கள் நிற்பார்கள். வெறுமனே விரலைச் சுழற்ற மாட்டார். முதலில் மணிக்கட்டை ஓர் உதறு உதறுவார், அப்புறம் இடுப்பில் ஒரு வளைவு, நிறுத்தச் சொல்லும்போது சாப்பாடு போதும் என்கிற மாதிரி முகத்தைச் சுளிப்பார். "ஆட்டக்காரி கெட்டா போ" என்று அம்மாவே சிரிப்பாள். அம்மா போன பிறகு அந்த நெளிவெல்லாம் போயிற்று. பயிற்சி வகுப்பில் படம் போட்டுக் காட்டுவார்களே, அப்படி நேராக, கட்டைக் கை. ஒரு தடவை அப்பாவுக்குச் சாப்பாடு கொடுக்கப் போனபோது பார்த்தேன். இப்போதாவது உறைத்ததே என்று நினைத்துக்கொண்டேன்.

நான் வேலை பார்ப்பதும் வின்ச் செய்கிற ஒரு பட்டறையில்தான். கடையில் வாங்கி மாட்டுகிற சமாசாரம் இல்லை இது. அளவெடுத்துத் தைக்கிற சட்டை மாதிரி, ஒவ்வொரு பாலத்துக்கும் தனியாகச் செய்ய வேண்டும். தூணின் தலையில் இடம் குறுகலா, உருளை ஒல்லியாக நீளமாக இருக்க வேண்டும். காற்று அதிகமா, ஆமை வேகத்தில் சுற்ற வேண்டும், பிரேக் ஒன்றுக்கு இரண்டாக வேண்டும். அந்த உருளைக்கு எவ்வளவு மின்சாரம், எப்போது போக வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று பார்த்துக்கொள்கிற பெட்டிக்கு ஒயர் இணைப்பது என் வேலை. கை முழுக்கக் கீறல், ஆனால் பிடித்த வேலை.

ஒருநாள் அப்பாவின் வேலையிடத்திலிருந்து எஞ்சினியர் எங்கள் பட்டறைக்கு வந்தார். அடுத்த பகுதிக்கு வின்ச்சைத் தூணின் உச்சியிலேயே வைக்கப்போகிறோம், ஓட்டுகிறவர் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு சுமையை நேரில் பார்த்தே ஓட்டும்படி செய்துகொடுங்கள் என்றார். எங்கள் முதலாளி, "அப்ப கை காட்டற ஆளுக்குத் தனியா மேடை வேணுமா, வேண்டாமா?" என்று கேட்டார். எஞ்சினியர் தயங்கி என்னைப் பார்த்தார். கொடி என் மாமா என்று அவருக்குத் தெரியும்.

"கண்ணால பாத்து ஓட்டும்போது கை எதுக்கு சார்?" என்றேன்.

அவ்வளவுதான். மாமாவின் வேலை ஒரே வாக்கியத்தில் போயிற்று. வேலையை விட்டு அனுப்பவில்லை, கேட்டில் உட்காரவைத்து லாரி வந்தால் தடுப்புக் கம்பத்தைத் தூக்கி இறக்கச் சொன்னார்கள். எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. வருத்தமாகவும் இல்லை. அன்றைக்குச் சாப்பிடும்போது அப்பாவிடம், "இனிமே அந்தாள் மூஞ்சில முழிக்க வேண்டாம்பா, நிம்மதியா இருங்க" என்றேன். அவர் பிசைந்த கையை நிறுத்தினார். என்னவோ சொல்லப்போகிறார் என்று பார்த்தேன். மறுபடி பிசையத் தொடங்கினார்.

வின்ச்சை ஏற்றிப் பொருத்தியதும், முதல் தூக்குக்குப் பட்டறையிலிருந்து என்னை அனுப்பினார்கள். அப்பா புதுத் தூணின் உச்சியில், வின்ச்சுக்குப் பக்கத்தில், கழுத்தில் மாட்டிய ரிமோட்டோடு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்துத் தூணில், முடிந்த தளத்தின்மேல் என் பெட்டியோடு நின்றேன். நடுவே ஒரு தற்காலிக நடைபாலம், மற்றபடி வெட்டவெளி, கீழே ஆறு. மோட்டார் இரைச்சலில் கத்தினாலும் கேட்காது. அதனால், மோட்டார் அதிகமாக மின்சாரம் இழுக்கிறதா என்று மீட்டரைப் பார்த்து நான் கட்டைவிரல் காட்ட வேண்டும், அதைப் பார்த்துத்தான் அவர் மேலே தூக்குவார் என்று பேசிக்கொண்டோம். மாமாவைத் துரத்திவிட்டு நானே கை காட்டிக்கொண்டு நின்றேன், கேவலம்தான்.

முதலில் ஒரு சாண் உயரம் தூக்கி நிறுத்துவார்கள். எங்கே போனாலும் அதுதான் முறை. பிரேக் பிடிக்கிறதா, கயிறு சரியாக உட்காருகிறதா என்று பார்க்க. ஆற்றில் துண்டைக் கொண்டுவந்து நின்ற படகிலிருந்து அது ஒரு சாண் எழும்பி நின்றது. அப்பா குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்நாளில் முதல் தடவையாகத் தான் தூக்கும் சுமையைத் தானே பார்க்கிறார். முகத்தில் ஒன்றுமில்லை. நான் ஸ்குரு டிரைவரைப் பிடித்த கையாலேயே அலட்சியமாக, கோணலாகக் கட்டைவிரலைக் காட்டினேன். துண்டு ஆடாமல் அசையாமல் மேலேறியது. நன்றாகத்தான் செய்திருக்கிறோம் என்று இருந்தது.

பாதி உயரத்தில் மறுபடி மீட்டர் பார்க்க அப்பா நிறுத்தினார். இடுப்பிலிருந்த வாக்கி டாக்கி கரகரத்தது. அதே டைம் கீப்பர். அதே குரல்.

"ஏம்மா, உங்க கொடி மாமா கேட்டுல விழுந்துட்டாரு. நெஞ்சப் புடிச்சிட்டு அப்படியே சாஞ்சிட்டாரு. ஆம்புலன்ஸ்ல ஏத்தியாச்சு. அப்பாவ கூட்டிட்டு உடனே வாங்க."

"சரி" என்றேன்.

சொன்ன பிறகுதான் அந்தச் 'சரி' என் காதில் விழுந்தது. எனக்கு வந்தது யோசனை இல்லை, பயம். துண்டுகள் சேரும் இடத்தை மூடுகிற அடைப்புப் பலகையைப் பிடிக்க ஆட்கள் கீழே தொங்குமேடையில் நின்றார்கள். துண்டு அவர்கள் தலைக்கு நேராகத் தொங்கியது. அப்பா என்னைப் பார்த்தார். கட்டைவிரலுக்காகக் காத்திருந்தார். ஸ்குரு டிரைவரைக் கீழே வைத்தேன். கையை நன்றாக நீட்டி, கட்டைவிரலை நேராக நிமிர்த்திக் காட்டினேன். கை நடுங்கவில்லை. நடுங்கவே இல்லை என்பதுதான் எனக்கே ஆச்சரியம். அவர் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு பொத்தானை அழுத்தினார்.

துண்டு உச்சிக்குப் போனது. உட்கார்ந்தது. இறுக்கினார்கள். கொக்கி கழன்றது. அவ்வளவு நேரமும் நான் நேரான கட்டைவிரலைக் காட்டிக்கொண்டு நின்றேன். மாமா செத்துவிட்டால் இவரிடம் என்ன சொல்வேன்? இவரும் என்னிடம் பேசாமல் இருந்துவிட்டால் நான் எங்கே போவேன்?

நடைபாலம் வழியாக அப்பா என்னிடம் வந்தார். ரிமோட்டைக் கழற்றிப் பெட்டிமேல் வைத்தார்.

"மச்சானா?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "உங்களுக்கு யாருப்பா சொன்னா?"

"உன் கை. முதல்ல கோணலா காட்டின. திடீர்னு நேரா காட்டின. இருக்காரா?"

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. வாங்க."

ஆட்டோவில் என் பக்கம் திரும்பாமல், டிரைவரின் முதுகைப் பார்த்தபடி பேசினார். அம்மா போன பிறகு அவர் இவ்வளவு பேசிக் கேட்டதில்லை.

"அன்னிக்கும் இப்படித்தான். மச்சான் எவ்ளோ ஆட்டம் ஆடுவார் உனக்குத் தெரியும்ல? சாண் உயரத்துல நிக்குது, தூக்குன்னு காட்டறார், கை கம்பி மாதிரி நேரா இருக்கு. அப்பவே தெரிஞ்சுபோச்சு, உங்கம்மாவுக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு."

"சாண் உயரமா? அப்ப இறக்கியிருக்கலாமேப்பா! ஒரு நிமிஷ வேலை!"

"இறக்கியிருக்கலாம். எறக்கினா ஏன்னு கேக்கணும். கேட்டா அவர் சொல்லிருவார்." கைகளை முழங்காலுக்கு நடுவே வைத்துக்கொண்டார். "தொங்குற வரைக்கும் யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்கல்ல. அதான் தூக்கிட்டேன்."

எனக்கு அழுகையும் வரவில்லை, ஆத்திரமும் வரவில்லை. அம்மா கேட்டுக்கொண்டே இருந்தது மட்டும் காதில் ஓடியது. இத்தனை காலமாக யார்மேல் கோபப்பட்டேன்? எதற்காகக் கதவைச் சாத்தினேன்?

மாமா உயிரோடு இருந்தார். மார்பில் ஒயர்களை ஒட்டி, மூக்கில் குழாய் வைத்துப் படுக்க வைத்திருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் என்னைத்தான் முதலில் பார்த்தார், எங்கள் வாசலில் நின்று உள்ளே வரலாமா கூடாதா என்று கேட்கிற மாதிரி. எனக்கு வெட்கமாகப் போயிற்று. ஒரு ஸ்டூலை இழுத்துக் கட்டிலோரம் போட்டேன். அப்பா உட்கார்ந்தார்.

"மச்சான்" என்றார்.

மாமாவின் முகம் கோணியது. அந்தச் சொல்லைக் கேட்டு அவருக்கு எவ்வளவு காலமாயிற்று!

"நான் எறக்கச் சொல்லியிருக்கணும் மாப்ள" என்றார், குரலே எழும்பாமல். "தண்ணி ஏறிட்டே இருந்துச்சு, படகு நிக்காதுன்னாங்க. சட்டுனு முடிச்சிட்டு ஓடிரலாம்னு நெனச்சேன். அவ அவ்ளோ சீக்கிரம்..."

"நீங்க சொல்லியிருந்தாலும் நான் எறக்கியிருக்க மாட்டேன். எனக்கு அப்பவே தெரியும்."

மெஷினில் கோடு ஏறி இறங்கியது.

"தெரியுமா?"

"ம்."

"அடப்பாவி! தெரிஞ்சுமா என்கிட்ட பேசாம இருந்த? நாந்தான் தப்புப் பண்ணிட்டேன், நாந்தான் உன்ன அவகிட்ட கொண்டுபோய்ச் சேக்காம விட்டுட்டேன்னு தினம் தினம் செத்துட்டு இருந்தேனேடா! ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"உங்ககிட்ட வாயத் தொறந்தா அழுதுருவேன். அழுதா கை நிக்காது. அப்புறம் எப்படி நாளைக்கு வின்ச்ல உக்காருவேன்?"

இதையும் அவர் சாதாரணமாகத்தான் சொன்னார், பஸ் தாமதம் என்கிற மாதிரி. ஆனால் கட்டில் கம்பியைப் பிடித்திருந்த அவர் கை ஆடிக்கொண்டிருந்தது. முதலில் விரல்கள், அப்புறம் மணிக்கட்டு, அப்புறம் முழங்கை வரைக்கும். கம்பியே கடகடவென்றது. மாமா குழாய் குத்திய கையை மெதுவாக நகர்த்தி அதன்மேல் வைத்தார். அப்பா அழுதார். சத்தமில்லாமல் இல்லை, நன்றாகச் சத்தமாக, பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்காரும் அளவுக்கு. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு இன்னும் ஒன்றும் வரவில்லை.

கொஞ்சம் அடங்கியதும் மாமா கேட்டார். "மேல உக்காந்து பாத்தியே, எப்படி இருந்துச்சு?"

"நல்லாவே இல்ல மச்சான்" என்றார் அப்பா மூக்கைத் துடைத்துக்கொண்டு. "எதிர்ல ஆளே இல்ல."

நர்ஸ் வந்தார். நேரம் முடிந்துவிட்டது, பெரியவரே, எழுந்திருங்கள் என்று அப்பாவின் தோளைத் தொட்டார். அப்பா கம்பியை விடவில்லை.

"எழுந்திரிக்க முடியாதும்மா" என்றார்.

நர்ஸ் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமா படுத்தபடியே ஒயர் தொங்கும் கையைத் தூக்கினார். மணிக்கட்டை ஓர் உதறு உதறி, முகத்தைச் சுளித்து, கையைப் பக்கவாட்டில் நீட்டினார்.

"விடும்மா. இன்னும் தொங்கிட்டு இருக்கு. எறங்கற வரைக்கும் அந்தாள் எழுந்திரிக்க மாட்டார்."

நான் இன்னொரு ஸ்டூலைத் தேடிக்கொண்டு வராந்தாவுக்குப் போனேன்.